மூச்சை எண்ணத் தெரியுமா?

“அண்ணா, பாப்பாவுக்கு ரெண்டு நாளா சளி, காய்ச்சல். ராத்திரியெல்லாம் இருமுது. ஏதாச்சும் சிரப் குடுங்க.”

“வயசு என்னம்மா?”

“ரெண்டரை.”

இரவு ஒன்பது மணிக்குத் தமிழ்நாட்டின் எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இதற்கு மேல் பேச்சு நீளாது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று என்று மூன்று பாட்டில்கள் காகிதப் பைக்குள் போகும். குழந்தை தண்ணீர் குடிக்கிறாளா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டாலும் அந்தத் தாய்க்குப் பதில் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

தாய்மார்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, காலை ஓ.பி.யில் சீட்டு வாங்கி, கைக்குழந்தையோடு வரிசையில் நின்று, “வைரல் ஃபீவர்தான், ஒண்ணுமில்ல” என்ற பதிலோடு திரும்பியவர் அடுத்த முறை மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவார். சிசு மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு பெருமைப்பட நியாயம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புகளுக்கு இங்கே 13 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இந்திய சராசரி 28. மருத்துவமனைப் பிரசவம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவு, தடுப்பூசி, 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்னால் வீட்டுக்குள் கழியும் அந்தச் சில மணி நேரத்தை நாம் இன்னும் பாட்டியிடமும் மெடிக்கல் ஷாப்பிடமும் வாட்ஸ்அப்பிடமும் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

ஐந்து வயதுக்குள் வரும் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை வைரஸ் வேலை. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். சில அடங்காது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அறிகுறிகள் பலவும் குழந்தையின் உடம்பில் வெளிப்படையாகவே தெரிகின்றன என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் அதிர்ஷ்டம். அதைப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

மூச்சிலிருந்து தொடங்கலாம். 1980களில் பப்புவா நியூ கினியின் கொரோக்காவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷானும் அவருடைய சகாக்களும் ஒரு சங்கடமான கேள்வியை எதிர்கொண்டார்கள். எக்ஸ்ரே கிடையாது, சுகாதார ஊழியருக்கு ஸ்டெதஸ்கோப் பழக்கம் கிடையாது, இருமலோடு வரும் குழந்தைகளில் யாருக்கு நிமோனியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுவதே போதிய அளவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று 1984இல் எழுதினார்கள். அந்த வழியில்தான் உலக சுகாதார நிறுவனம் பின்னர் வரையறைகளை வகுத்தது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. சளியும் இருமலும் உள்ள குழந்தைக்கு இப்படி மூச்சு வேகமாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எண்ணுவதில் ஒரு பக்குவம் உண்டு. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். தூங்கும்போதோ மடியில் அமைதியாகக் கிடக்கும்போதோ பனியனை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, விளக்கைப் போட்டு, வயிற்றைப் பார்க்க வேண்டும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு முழுதாக அறுபது விநாடி எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற குறுக்குவழி குழந்தையிடம் செல்லாது. பச்சைக் குழந்தை சில விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு வேகமாக விடும். எண்ணும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி வெளியே விரிய வேண்டும். அதற்கு மாறாக உள்ளே குழிந்தால், மூக்கு விடைத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், காலைவரை காத்திருக்கக் கூடாது.

மூச்சுக்கு அடுத்தபடியாக, குழந்தை மருத்துவத்தில் உலகம் முழுக்க முதலில் கேட்கும் நான்கு கேள்விகள் உண்டு. குடிக்க முடிகிறதா? குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு, எழுப்பினாலும் எழாமல் கிடக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். தெர்மாமீட்டரில் 103 காட்டினாலும் காய்ச்சல் இறங்கியதும் எழுந்து சொப்பு வைத்து விளையாடுகிற குழந்தையைவிட, 100 மட்டும் இருந்து பொம்மையைக் காட்டினாலும் கண் திருப்பாத குழந்தையைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுவேன். மூன்று மாதம் ஆகாத சிசு இதற்கு விதிவிலக்கு. அந்த வயதில் 100.4 டிகிரியைத் தொட்டாலே, விளையாடினாலும் சிரித்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வயதில் உடம்பு சில்லிட்டுப் போனாலும் அப்படித்தான்.

இனி அந்த மூன்று பாட்டில்களுக்கு வருவோம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு ஆய்வகத்தில் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நச்சு அது. ஆலை உரிமம் ரத்தானது, கைதுகள் நடந்தன, தொலைக்காட்சி விவாதங்கள் ஓய்ந்தன. கலப்படத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்தக் குழந்தைகளுக்கு அந்த சிரப் தேவையாக இருந்ததா என்று நாம் பேசவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளை எழுதித் தரக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகவே அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது சுற்றறிக்கை அனுப்பியது. கலப்படமே இல்லாத நல்ல சிரப்புக்கும் இது பொருந்தும். சளியை வெளியே தள்ளத்தான் குழந்தை இருமுகிறது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, வெதுவெதுப்பாக அடிக்கடி குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு கொஞ்சம் தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா சிசுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சேனை வைக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

காய்ச்சல் மருந்து தேவைதான். பாராசிட்டமால் பாதுகாப்பானதும்கூட, அளவு தப்பாத வரையில். அளவு தப்புவதற்கோ நம் ஊரில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. அதே மருந்து சொட்டு மருந்தாக வந்தால் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சிரப்பாக வந்தால் 5 மி.லி.யில் 120 அல்லது 250 மி.கி. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. தாராளம். சொட்டு மருந்தில் அது ஒன்றரை மி.லி.; 250 சிரப்பில் மூன்று மி.லி. சின்ன பாட்டிலில் வந்த சொட்டு மருந்தை, போன தடவை சிரப் கொடுத்த ஞாபகத்தில் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டால் 500 மி.கி. உள்ளே போய்விடும். மூன்று மடங்குக்கும் மேல். நான்கு மணி நேரம் கழித்துப் பாட்டி ஒரு ஸ்பூன், அப்பா வந்ததும் ஒரு ஸ்பூன் என்றால் ஈரல் தாங்காது. எடையைச் சொல்லாமல் குழந்தைக்கு மருந்து வாங்குவதும், எடையைக் கேட்காமல் விற்பதும் தப்பு என்று இரு பக்கத்துக்கும் உறைக்க வேண்டும். இரண்டு வேளைக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளிலாவது எழுதி வைக்கலாம்.

காய்ச்சலில் வரும் வலிப்புபோல் ஒரு வீட்டைக் கலங்கடிப்பது வேறொன்றில்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இது வருகிறது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கும். உடனே ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், ஒருவர் ஸ்பூனைப் பல்லுக்கு நடுவே செருகுவார், ஒருவர் முகத்தில் தண்ணீரை அடிப்பார். வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். நின்றதும் சாவிக்குப் பெயர் கிடைக்கும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துத் துணியைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் செய்ய வேண்டியது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் முறை வலிப்பு என்றால், நின்ற பிறகும் டாக்டர் பார்த்தாக வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியது அவர் வேலை. இந்த வலிப்பு கால்கை வலிப்பு நோய் அல்ல, மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூளையில் எந்தப் பாதிப்பையும் ஏற்படுத்துவதில்லை என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்தைப் பெற்றவர்களால் தாங்க முடியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. “காய்ச்சல் விட்டுடுச்சு, நல்லாயிட்டா” என்று வீடு மூச்சுவிடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போது, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். வயிறு வலிக்கிறது என்று குழந்தை சுருண்டு படுக்கும், வாந்தி நிற்காது, கைகால் சில்லிடும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போயிருக்காது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரியும். தட்டணு எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கணக்கு வைப்பது உபயோகம். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். அதைக் கொடுத்துவிட்டோம் என்று இந்த அறிகுறிகளைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல், வலி மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கவும் கூடாது. இப்யூபுரூஃபன், மெஃபினாமிக் ஆசிட் வகைகள் ரத்தக்கசிவை மோசமாக்கும்.

வயிற்றுப்போக்குக்கு மருந்து கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோசும் பேக்கிங் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து வைத்து, உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். முகாமில் முப்பது சதவீத அளவில் இருந்த மரணம் நான்கு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. 2022இல் அவர் இறந்த பிறகுதான் பத்ம விபூஷண் கொடுத்தோம். இன்று இந்த உப்புசர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட் அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கிய பழச்சுவை டெட்ரா பேக்குகள் பல ஆண்டுகள் விற்றன. அவற்றில் இருந்த சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகமாக்கும் அளவு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள்போலப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடை செய்தது.

உண்மையான பாக்கெட்டிலும் சிக்கல் உண்டு. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உப்பு மிகுந்து அதுவே ஆபத்தாகிவிடும். பாதி பாக்கெட்டைப் பிரித்து மிச்சத்தைக் கிளிப் போட்டு வைப்பதும் சரிவராது. முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் ஆறிய நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் 14 நாள். போக்கு நின்ற மூன்றாம் நாளே எல்லோரும் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

பாட்டி வைத்தியம் என்று ஒட்டுமொத்தமாகக் கேலி பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. “இவ முகமே சரியில்ல, கூட்டிட்டுப் போ” என்று முதலில் சொல்வது பல வீடுகளில் அப்பத்தாதான். அந்தக் கண் எந்தக் கருவியையும்விட விலைமதிப்புள்ளது. ஆனால் எண்ணெய்க் குளியல் முடித்து மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதினால், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். தொண்டையில் விரலை விட்டுத் தொக்கம் எடுப்பதும், நிமோனியாவுக்கு மூச்சிரைக்கும் குழந்தையை உரம் விழுந்திருக்கிறது என்று வேட்டியில் போட்டு உருட்டுவதும், அம்மை போட்டிருக்கிறது என்று மூச்சுத் திணறும் குழந்தையை வேப்பிலைக்கு நடுவே கிடத்தி வைப்பதும் நிற்க வேண்டும். அப்பத்தாவை எதிரியாக்கினால் இது நிற்காது. அவரையே உட்கார வைத்து மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்தால் நிற்கும்.

காயங்களில் தீப்புண்ணைத்தான் முதலில் சொல்வேன். இறக்கி வைத்த ரசப் பாத்திரம், வடித்த கஞ்சி, பக்கெட்டில் விளாவாத வெந்நீர். பட்ட இடத்தில் பேனா மை, தோசை மாவு, டூத்பேஸ்ட் என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பூசுகிறோம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும், ஐஸ் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் நின்றால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் சில நிமிடங்களிலேயே எல்லோரும் ஆட்டோ தேட ஓடிவிடுகிறோம். ஆழத்தில் தங்கிய சூடு அப்போதும் சதையை வேக வைத்துக்கொண்டிருக்கும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோனால் பிறகு டாக்டருக்கு வேலை எளிது.

பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கற்கண்டு என்று நினைத்துக் குழந்தை ஒன்றிரண்டு வில்லையை வாயில் போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். நீலகிரித் தைலத்தை விழுங்கினாலும் அப்படியே. கற்பூரமோ, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயோ, பினாயிலோ, எதை விழுங்கியிருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஏறும்போது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எலி பேஸ்ட் தின்ற குழந்தை முதல் நாள் சாதாரணமாகவே இருக்கும், ஈரல் பழுதாவது பிறகுதான் தெரியும். அதனால் நன்றாக இருக்கிறானே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் அரித்துவிடும். மூச்சுக்குழாயில் சிக்கக்கூடிய முழு வேர்க்கடலையை நான்கு வயதுவரை கொடுக்காமல் இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. நாய் கடித்தால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து நகக்கீறலை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. தெருவில் விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் அதட்டாமல் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் யார், எங்கே சொல்லித் தருவது? தாய் சேய் நல அட்டையில் அபாய அறிகுறிகள் படத்தோடு அச்சாகித்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை. தேதி எழுதும் பக்கம்தான் அட்டையில் அழுக்கேறியிருக்கும். பெற்றவர்களுக்கு அதிகம் சொன்னால் பயந்துபோய் தும்மலுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். ஓடி வருவது எதைப் பார்ப்பது என்று தெரியாததால்தான். மூச்சு 32 என்று எண்ணித் தெரிந்துகொண்ட தாய் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

தடுப்பூசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது நடைமுறை. ஆறாவது வாரம், பத்தாவது, பதினான்காவது, ஒன்பதாம் மாதம், பிறகு ஒன்றரை வயது என ஒரு தாய் ஐந்து முறை, பல நேரம் மாமியாரோடும் அம்மாவோடும், அந்த பெஞ்சில் உட்காருகிறார். “இன்னிக்குக் காய்ச்சல் வரும், இந்தச் சொட்டு மருந்தைக் குடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முதல் முறை மூச்சு எண்ணுவது, அடுத்த முறை உப்புசர்க்கரைக் கரைசலை அங்கேயே ஒரு லிட்டர் பாட்டிலில் கரைத்துக் காட்டுவது, அதற்கடுத்து சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் உள்ள வித்தியாசம், குழந்தை தவழ்ந்துபோய் எதையாவது பிடித்து நிற்க ஆரம்பிக்கும் ஒன்பதாம் மாதத்தில் தீப்புண்ணும் கற்பூரமும், ஒன்றரை வயதில் வலிப்பு என்று பிரித்துக்கொண்டால் ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம் போதும். தங்கள் குழந்தையின் வயிற்றையே பார்த்து எண்ணிப் பழகியவர்களுக்குப் போஸ்டர் தேவைப்படாது.

இதற்குக் குறுக்கே நிற்பது கிராம சுகாதார செவிலியரின் நேரம். ஊசி போடுவது, தேதி எழுதுவது, பிக்மி என்ற தாய் சேய் பதிவு இணையதளத்தில் ஏற்றுவது, அதே விவரத்தை மறுபடி நோட்டில் எழுதுவது எல்லாம் அவர் ஒருவர் தலையில். இரட்டைப் பதிவை நிறுத்தி, அங்கன்வாடி ஊழியருக்கு இந்தப் பாடங்களில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால், அந்த அரை மணி நேரத்துக்கு ஆள் கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு வட்டார மருத்துவ அலுவலர் மனது வைத்தால் வருகிற புதன்கிழமை ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.